கையெழுத்து யாருடையது? குட்டித் தீவுகளும் குற்றவியல் ஒப்பந்தங்களும்

1983 மார்ச்சில் மயாமியில் இருந்த பாங்க் ஆஃப் நோவா ஸ்கோஷியா அலுவலகத்துக்கு ஓர் அழைப்பாணை வந்தது. வங்கி கனடா நாட்டுடையது. கேட்கப்பட்ட கணக்கு விவரங்கள் இருந்ததோ கேமன் தீவுகளிலும் பஹாமாஸிலும் உள்ள கிளைகளில். கேட்டது, போதைப்பொருள், வரி தொடர்பான புகார்களை விசாரித்துக்கொண்டிருந்த புளோரிடா கிராண்ட் ஜூரி, அதாவது குற்றம் சாட்டலாமா என்று முடிவுசெய்யும் குடிமக்கள் குழு. கேமன் தீவுகள் 1976-ல் இயற்றிய ரகசியக் காப்புச் சட்டப்படி வாடிக்கையாளர் விவரத்தை வெளியே கொடுப்பது குற்றம். கொடுக்காவிட்டால் அமெரிக்க நீதிமன்றத்தில் நாளொன்றுக்கு 25,000 டாலர் அபராதம். வங்கி இரண்டு பக்கமும் அடிவாங்கியது. அபராதம் 18,25,000 டாலருக்கு ஏறியது. 1984-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது.

இந்தச் சண்டையில் உண்மையான எதிரெதிர்த் தரப்புகள் வாஷிங்டனும் கேமன் தீவுகளின் தலைநகரான ஜார்ஜ் டவுனும்தான். ஆனால் ஜார்ஜ் டவுன் அரசால் வாஷிங்டனோடு நேரே அமர்ந்து ஒப்பந்தம் பேச முடியாது. கேமன் தீவுகள் பிரிட்டனின் ஆட்சிப்பகுதி. வெளியுறவு லண்டனின் கையில், அங்கே அதை நடத்துபவர் லண்டன் அனுப்பிய ஆளுநர். சட்டம் தீவுடையது, வங்கித் தொழில் தீவுடையது, அவப்பெயரும் தீவுடையது. பேனா மட்டும் லண்டனுடையது.

அன்று தொடங்கிய கேள்வி இன்னும் தீரவில்லை. பிற நாடுகளோடு சாட்சியப் பரிமாற்றம், குற்றவாளிகளை நாடுகடத்தல், கைதிகளை அவரவர் நாட்டுக்கு மாற்றுதல் ஆகியவை குறித்து ஒப்பந்தம் பேச ஒரு சார்பு ஆட்சிப்பகுதி தனக்கே அதிகாரம் கேட்க வேண்டுமா? கேட்பதென்றால் எவ்வளவு கேட்பது? பிரிட்டனின் கரீபியன் தீவுகளையும் பெர்முடாவையும் மனத்தில் வைத்து, எதிரே இருக்கும் வழிகளை எடைபோட்டுப் பார்க்கிறேன். இப்படி ஓர் அமைச்சரவைக்கு நான் குறிப்பு எழுத நேர்ந்தால் என்ன எழுதுவேன் என்பதையும் மறைக்கப்போவதில்லை.

விடுதலை என்ற வழியை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். தனி நாடானால் எந்த ஒப்பந்தத்திலும் தானே கையெழுத்திடலாம், உண்மைதான். ஆனால் பெர்முடா மக்களிடம் 1995 ஆகஸ்டில் கேட்டபோது வாக்களித்தவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பேர் வேண்டாம் என்றார்கள். சாட்சியம் வாங்குவதற்காக எவரும் தேசியக் கொடியை மாற்றப்போவதில்லை.

மற்றொரு வழி, ஒப்பந்தமே இல்லாமல் சமாளிப்பது. இது பலர் நினைப்பதைவிட நல்ல வழி. பிரிட்டிஷ் வர்ஜின் தீவுகள் 1993-லும் பெர்முடா 1994-லும் குற்றவியல் விஷயங்களில் பன்னாட்டு ஒத்துழைப்புக்கென்று சொந்தச் சட்டம் இயற்றின. கேமன் தீவுகளிலும் அப்படி ஒரு சட்டம் உண்டு. உள்ளூர்ச் சட்டம் ஒழுங்காக இருந்தால் வெளிநாட்டு வேண்டுகோளை ஒப்பந்தம் இல்லாமலே நிறைவேற்றலாம். காமன்வெல்த் நாடுகளுக்கு இடையே 1986-ன் ஹராரே திட்டம் இருக்கிறது. அது யாரையும் கட்டாயப்படுத்தாத ஏற்பாடுதான். ஆனாலும் ஒரே மரபில் வந்த நீதிமன்றங்கள் என்பதால் வேலை நடக்கிறது. நம் ஊர்ச் சட்டத்தையும் பாருங்கள்: இந்தியாவின் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் 166-ஏ பிரிவு, நாடு என்று மட்டும் சொல்லாமல் இந்தியாவுக்கு வெளியே உள்ள நாட்டுக்கோ இடத்துக்கோ வேண்டுகைக் கடிதம் அனுப்பலாம் என்றது. வர்ஜின் தீவுகளின் டார்டோலாவில் பதிவான ஒரு நிறுவனத்தின் உரிமையாளர் யார் என்று இந்தியப் புலனாய்வாளர் கேட்க, அந்தத் தீவு இறைமையுள்ள நாடாக இருக்கத் தேவையில்லை.

குறை எங்கே என்றால், இந்த வழி உள்ளே வரும் கோரிக்கைக்கு உதவும். வெளியே போகும் கோரிக்கைக்கு அவ்வளவாக உதவாது. தீவின் காவல்துறை ஒரு லத்தீன் அமெரிக்க நாட்டிடம் வங்கி ஆவணம் கேட்டால், ‘எந்த ஒப்பந்தத்தின் கீழ்?’ என்ற கேள்விதான் முதலில் திரும்பிவரும். சொத்துமுடக்கம், பறிமுதல் என்று போனால் இன்னும் கடினம். கைதியை அவருடைய நாட்டில் தண்டனை அனுபவிக்க அனுப்புவதற்கோ மறுபக்கத்தின் உறுதியான சம்மதம் இல்லாமல் அடியே எடுத்துவைக்க முடியாது.

அடுத்தது நெடுங்காலமாக நடந்துவரும் வழி: தாய்நாடு கையெழுத்திடும், பிறகு அதைத் தீவுக்கும் நீட்டிக்கும். ஒப்பந்தம் ஒரு நாட்டின் ஆட்சிப்பரப்பு முழுவதையும் கட்டுப்படுத்தும் என்பதே ஒப்பந்தங்களுக்கான சட்டத்தை வகுக்கும் வியன்னா உடன்படிக்கையின் பொது விதி. பிரிட்டன் இந்த விதியில் உள்ள விலக்கைப் பயன்படுத்தி, எந்தத் தீவுக்குப் பொருந்தும் என்று தனியே அறிவித்துவருகிறது. தீவு தன் சட்டத்தைத் தயார்செய்த பிறகுதான் நீட்டிப்பு. கேட்பதற்கு நியாயமாக இருக்கிறது. நடைமுறையில் பார்த்தால், ஐ.நா. ஊழல் எதிர்ப்பு உடன்படிக்கையை பிரிட்டன் 2006-ல் ஏற்றது. வர்ஜின் தீவுகளுக்கு அதே ஆண்டில் நீட்டித்தது. ஜெர்ஸி, குர்ன்ஸி, மேன் தீவு ஆகியவற்றுக்கு 2009-ல். பெர்முடாவுக்கு 2018-ல். பன்னிரண்டு ஆண்டு! தாமதம் முழுவதையும் லண்டன் தலையில் கட்ட முடியாது. தீவுகளிலும் சட்ட வரைவாளர்கள் விரல்விட்டு எண்ணும்படிதான் இருக்கிறார்கள். ஆனால் வெளியில் இருந்து பார்க்கிறவருக்கு ‘இவர்கள் ஒத்துழைக்காத தீவுக்காரர்கள்’ என்றுதான் தோன்றும்.

ஆனால் இந்த வழியைத் தூக்கி எறியச் சொல்கிறவர்கள் டர்க்ஸ் அண்ட் கைகோஸ் தீவுகளைப் பார்த்துவிட்டுப் பேச வேண்டும். அங்கே 2009-ல் ஊழல் விசாரணை ஆணையத்தின் அறிக்கைக்குப் பிறகு லண்டன் அமைச்சரவை ஆட்சியையே நிறுத்திவைத்தது. குற்றச்சாட்டுக்கு ஆளான முன்னாள் முதல்வர், தவறு ஏதும் செய்யவில்லை என்று மறுத்தபடியே, பிரேசிலில் தங்கினார். 2012 டிசம்பரில் ரியோவில் கைதானார். 2014 ஜனவரியில் தீவுக்கு அனுப்பப்பட்டார். சில பத்தாயிரம் பேர் வாழும் ஒரு தீவுக்கூட்டம் பிரேசிலோடு தானே பேசி ஒரு நாடுகடத்தல் ஒப்பந்தம் போட எத்தனை காலம் ஆகியிருக்கும்? பிரேசில் அரசு அந்தக் கடிதத்தைப் பிரித்தாவது பார்த்திருக்குமா? பிரிட்டன் என்ற பெரிய பெயர் பின்னால் நின்றதால்தான் அது நடந்தது.

இங்கிருந்து எனக்கு ஒரு விஷயம் தெளிவாகிறது. ‘குற்றவியல் ஒப்பந்தம்’ என்று மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிக் கேட்பது தவறு. நாடுகடத்தல் வேறு, சாட்சிய உதவி வேறு, கைதிகள் மாற்றம் வேறு. ஒவ்வொன்றிலும் தாய்நாட்டுக்கு உள்ள பொறுப்பின் அளவும் வேறு.

நாடுகடத்தலில் அந்தப் பொறுப்பு மிகக் கனமானது. 1989-ல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் சோரிங் வழக்கில் என்ன சொன்னது? மரண தண்டனைக் கைதிகள் ஆண்டுக்கணக்கில் காத்துக்கிடக்கும் வர்ஜீனியாவுக்கு ஒருவரை அனுப்பினால், அங்கே அவர் படும் பாட்டுக்கு அனுப்பிய பிரிட்டனும் பொறுப்பு என்றது. தீவு தானே கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் கீழ் ஒருவரை அனுப்பினாலும் ஸ்ட்ராஸ்பர்க்கில் உள்ள அந்த நீதிமன்றத்தில் போய் நிற்கப்போவது லண்டன்தான். கரீபியன் தீவுகளில் கொலைக்கு மரண தண்டனையை லண்டன் 1991-ல் தன் ஆணையாலேயே ஒழித்தது, தீவுச் சட்டமன்றங்கள் செய்யட்டும் என்று காத்திருக்கவில்லை. இந்த விஷயத்தில் அது வெற்றுக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டுத் தரும் என்று எதிர்பார்ப்பது அரசியல் வெகுளித்தனம். எனவே நாடுகடத்தலைப் பொறுத்தவரை நீட்டிப்பு வழியே போதும் என்பது என் கட்சி. கேட்டாலும் கிடைக்காததைக் கேட்டு, கிடைக்கக்கூடியதைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

சாட்சிய உதவியில் கதை வேறு. கேமன் தீவுகளின் அனுபவத்தை இங்கே கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். வங்கி அபராதக் கூச்சலுக்கு நடுவே 1984 ஜூலையில் போதைப்பொருள் வழக்குகளுக்கு மட்டும் ஓர் இடைக்கால ஏற்பாடு வந்தது. 1986 ஜூலை 3 அன்று முழு ஒப்பந்தம் கையெழுத்தானது. தலைப்பில் அமெரிக்காவும் பிரிட்டனும்தான். கேமன் தீவுகள் ‘தொடர்பாக’ என்று வருகிறது. அமெரிக்க செனட் இழுத்தடித்ததால் 1990-ல்தான் நடைமுறைக்கு வந்தது. பிறகு அந்த ஒப்பந்தத்தை அங்குவிலா, வர்ஜின் தீவுகள், டர்க்ஸ் அண்ட் கைகோஸ் ஆகியவற்றுக்கும் 1990 நவம்பரில் கடிதப் பரிமாற்றம் மூலமே நீட்டித்தார்கள். மொன்செராட் அடுத்த ஆண்டு சேர்ந்தது. ஒரு தீவுக்கு வெட்டித் தைத்த சட்டை, மற்ற நான்கு தீவுகளுக்கும் அப்படியே மாட்டப்பட்டது.

ஆனால் அந்த ஒப்பந்தத்துக்குள் இருந்த இரண்டு விஷயங்கள் கேமன் தரப்பின் சாமர்த்தியம். வரி விவகாரங்களில் பெரும்பகுதியை வெளியே வைத்தார்கள். தீவின் பிழைப்பே அதில்தான் இருந்தது. அதோடு, அமெரிக்காவில் இருந்து கோரிக்கை வந்தால் அதைப் பெற்று முடிவெடுக்கும் மைய அதிகாரியாக ஆளுநரை வைக்கவில்லை, லண்டன் உள்துறையையும் வைக்கவில்லை. கேமன் தீவுகளின் தலைமை நீதிபதியை வைத்தார்கள். கோப்பு ஜார்ஜ் டவுனுக்கு வரும், ஜார்ஜ் டவுனிலேயே முடிவாகும். கையெழுத்து லண்டனுடையது, சாவி தீவிடம். அதிகாரம் கேட்டுப் போராடுகிறவர்கள் கையெழுத்துச் சடங்கின் புகைப்படத்தைப் பற்றிக் கவலைப்படுவதில் பாதியாவது இந்த மைய அதிகாரி பதவியைப் பற்றிக் கவலைப்பட்டால் நன்றாக இருக்கும்.

இனி அதிகாரக் கடிதம். ஒரு குறிப்பிட்ட நாட்டோடு, ஒரு குறிப்பிட்ட விஷயத்தில் ஒப்பந்தம் பேசிக் கையெழுத்திட லண்டன் தரும் அனுமதிக் கடிதம் இது. பெர்முடா அமெரிக்காவோடு சாட்சிய உதவி ஒப்பந்தத்தை இந்த வழியில்தான் செய்தது. 2009 ஜனவரி 12, ஹாமில்டன் நகரில், பெர்முடா அரசின் பெயரிலேயே கையெழுத்து. 2012-ல் நடைமுறைக்கு வந்தது. 1986-ன் கேமன் ஒப்பந்தத்தோடு வைத்துப் பார்த்தால், காலத்தில் சில மாதங்கள் மிச்சம் ஆனதைத் தவிரப் பெரிய வேறுபாடு இல்லை. வேறுபாடு பேச்சுவார்த்தை மேசையில் இருக்கிறது. தன் வங்கிச் சட்டமும் காப்பீட்டுத் தொழிலும் எப்படி இயங்குகின்றன என்பதை அறிந்தவர் எதிரே உட்கார்ந்து பேசுவதும், மூவாயிரம் மைலுக்கு அப்பால் இருந்து வந்த அதிகாரி பேசுவதும் ஒன்றாகாது.

அதே பெர்முடா, அதே 2009, ஜூன் மாதம். குவாண்டனாமோ சிறையில் இருந்து சீனாவின் உய்கூர் இனத்தைச் சேர்ந்த நான்கு கைதிகளை ஏற்பதாக பெர்முடா பிரதமர் ஈவர்ட் பிரவுன் அமெரிக்காவோடு பேசி முடித்து, அவர்களை விமானத்தில் இறக்கியேவிட்டார். ஆளுநருக்குத் தெரியாது. லண்டனுக்குத் தெரியாது. இது பெர்முடாவின் அதிகாரத்துக்குள் வருவதா, ஒப்படைக்கப்படாத பாதுகாப்பு விவகாரமா என்று முன்கூட்டியே கேட்டிருக்க வேண்டும் என்று பிரிட்டன் வெளிப்படையாகவே கடிந்துகொண்டது. அந்த நால்வரை ஏற்றது மனிதநேயம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஜனவரியில் கடிதம் வாங்கி முறையாகச் செய்த ஒப்பந்தம் சேர்த்துவைத்த நம்பிக்கையை ஜூனில் செலவழித்துவிட்டார்கள். அடுத்த தீவு அடுத்த கடிதத்துக்கு விண்ணப்பிக்கும்போது லண்டன் அதிகாரி எந்தக் கோப்பை முதலில் எடுத்துப் பார்ப்பார் என்று ஊகிக்கக் கடினமில்லை.

ஒவ்வொரு ஒப்பந்தத்துக்கும் ஒவ்வொரு கடிதம் என்பது சலிப்பூட்டும் வேலை, மறுக்கவில்லை. அதனால்தான் சிலர் பொது அதிகாரக் கடிதமாகவே கேட்போம் என்கிறார்கள்: குற்றவியல் ஒப்பந்தம் எதுவானாலும் நாமே பேசுவோம், நாமே கையெழுத்திடுவோம். டென்மார்க் 2005-ல் ஃபேரோ தீவுகளுக்கும் கிரீன்லாந்துக்கும் சட்டமாகவே எழுதிக் கொடுத்ததைக் காட்டுவார்கள். அந்தச் சட்டத்தைக் கொஞ்சம் உன்னிப்பாகப் படித்தால், தாங்கள் முழுவதுமாக எடுத்துக்கொண்ட துறைகளில் மட்டுமே அவை ஒப்பந்தம் செய்யலாம். பாதுகாப்புக் கொள்கைக்கு அது பொருந்தாது. காவல்துறையையும் நீதிமன்றங்களையும் டென்மார்க்கே நடத்தும்போது குற்றவியல் ஒப்பந்தத்துக்கு அந்தச் சட்டம் எவ்வளவு தூரம் கைகொடுக்கும்? மீன்பிடி ஒப்பந்தத்துக்கு அருமையான சட்டம் அது.

குக் தீவுகளைக் காட்டுகிறவர்களும் உண்டு. நியூஸிலாந்தோடு 1965 முதல் சுயேச்சைக் கூட்டுறவு, அதாவது தன்னாட்சியோடு கூடிய இணைப்பு. ஒப்பந்தம் செய்யும் முழுத் தகுதி அவர்களுக்கு உண்டு என்று ஐ.நா. செயலகமே 1992-ல் ஏற்றது. அவர்களுக்கே என்ன நேர்ந்தது? 2025 பிப்ரவரியில் நியூஸிலாந்தைக் கலக்காமல் சீனாவோடு கூட்டுறவு ஒப்பந்தம் செய்தார்கள். சில மாதங்களில் 1.82 கோடி நியூஸிலாந்து டாலர் உதவித்தொகையை வெலிங்டன் நிறுத்திவைத்தது. சட்டத்தில் முழு உரிமை. பட்ஜெட்டில் பாதி உரிமை.

பரந்த அதிகாரம் ஒரு சார்பு ஆட்சிப்பகுதிக்குக் கிடைத்தால் என்ன ஆகும் என்பதற்கு முழுநீளச் சான்று ஹாங்காங். கரீபியன் தீவுகளோடு அதை ஒப்பிடலாமா என்று கேட்பீர்கள். அளவில் ஒப்பிட முடியாது. சட்டச் சிக்கல் ஒன்றேதான்.

1997 ஜூலை 1 அன்று பிரிட்டன் வெளியேறும்போது, பிரிட்டன் பெயரில் இருந்த நாடுகடத்தல் ஒப்பந்தங்கள் எல்லாம் ஹாங்காங்குக்குக் காலாவதியாகும் நிலை. எனவே அதற்கு முன்பே, சீன-பிரிட்டிஷ் கூட்டுத் தொடர்புக் குழுவில் இரு தரப்பும் சம்மதித்த மாதிரி உரையை வைத்துக்கொண்டு, ஹாங்காங் தானே நாடுகளோடு பேசத் தொடங்கியது. நெதர்லாந்தோடு 1992-ல் முதல் கையெழுத்து. அமெரிக்காவோடு 1996 டிசம்பர். இந்தியாவோடு 1997 ஜூன் 28, கொடி இறங்க இரண்டே நாள் இருக்கும்போது. ஆட்சி மாறிய பிறகு, ஹாங்காங்கின் அரசியலமைப்புபோல இருக்கும் அடிப்படைச் சட்டத்தின் 96-ஆவது பிரிவு, பெய்ஜிங்கின் உதவியோடோ அதிகாரம் பெற்றோ இதைத் தொடரலாம் என்றது. இலங்கையோடு 1999-ல் கையெழுத்தானது. மொத்தம் 20 நாடுகள். சார்பு ஆட்சிப்பகுதிகளின் வரலாற்றில் இவ்வளவு பெரிய வலை வேறு எவருக்கும் இருந்ததாகச் சொல்ல முடியாது.

வலை உண்மையிலேயே இயங்கியது. இறைமை இல்லாத இடத்தோடு போட்ட காகிதம் ஒப்பந்தமே ஆகாது, அதன் கீழ் என்னை அனுப்பக் கூடாது என்று அமெரிக்கச் சிறைகளில் இருந்தவர்கள் வழக்குப் போட்டார்கள். கனெக்டிகட்டில் ஒரு நீதிபதி அந்த வாதத்தை ஏற்கவே செய்தார். 2000-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் திருப்பியது. 2005-ல் மேற்குக் கடற்கரை மேல்முறையீட்டு நீதிமன்றமும் இறைமையாளரின் சம்மதத்தோடு செய்த ஒப்பந்தம் செல்லும் என்றது. தனக்கென்று ஒப்பந்தம் வேண்டும் என்று கேட்கும் தீவுகளுக்கு இந்தத் தீர்ப்புகள் பெரிய துணை. தாய்நாட்டின் சம்மதம் காகிதத்தில் தெளிவாக இருக்க வேண்டும் என்பதும் அவற்றிலேயே இருக்கிறது.

2013 ஜூனில், அமெரிக்க உளவு ரகசியங்களை வெளியிட்ட எட்வர்ட் ஸ்நோடன் விவகாரம். அவரைக் கைதுசெய்யச் சொல்லி அமெரிக்கா ஹாங்காங்குக்கு எழுதியது. ஹாங்காங் நீதித்துறைச் செயலாளர் ரிம்ஸ்கி யுவென் பிறகு விளக்கினார்: ஓர் ஆவணத்தில் நடுப்பெயர் ஜோசப், இன்னொன்றில் ஜேம்ஸ், மற்றொன்றில் வெறும் ‘ஜே’, கடவுச்சீட்டு எண்ணும் இல்லை. விளக்கம் கேட்டு எழுதினோம், பதில் வருவதற்குள் அவர் சட்டப்படியே மாஸ்கோவுக்கு விமானம் ஏறிவிட்டார். வாஷிங்டன் கொதித்தது. அந்த நடுப்பெயர் விளக்கத்தை எவ்வளவு நம்புவது என்பது அவரவர் விருப்பம். பெய்ஜிங் நிழல் விழுந்ததா என்பதும் அப்படியே. என் கண்ணுக்குப் படுவது வேறு. சாவி உள்ளூர் மேசையில் இருந்தால், உலகின் மிகப் பெரிய வல்லரசின் கோரிக்கையைக்கூட ஒரு கடவுச்சீட்டு எண்ணைக் காட்டி நிறுத்திவைக்க முடிகிறது.

பிறகு 2020. ஹாங்காங் மீது பெய்ஜிங் விதித்த தேசியப் பாதுகாப்புச் சட்டம் ஜூன் 30 அன்று வந்தது. ஜூலை முடிவதற்குள் கனடா, ஆஸ்திரேலியா, பிரிட்டன், நியூஸிலாந்து, ஜெர்மனி ஒவ்வொன்றாகத் தங்கள் நாடுகடத்தல் ஒப்பந்தங்களை நிறுத்திவைத்தன. ஆகஸ்டில் அமெரிக்கா, நாடுகடத்தலோடு கைதிகள் மாற்ற ஒப்பந்தத்தையும் சேர்த்துக் கைகழுவியது. ஹாங்காங்கின் காவல் அதிகாரியோ நீதிபதியோ அந்த ஒப்பந்தங்களை மீறியதற்காக அல்ல. இறைமையாளர் மீது நம்பிக்கை போனது, அதனால் ஆட்சிப்பகுதியின் கையெழுத்தும் செல்லாக்காசானது. சார்பு ஆட்சிப்பகுதி எத்தனை ஒப்பந்தம் சேர்த்தாலும் அதன் மதிப்பு தலைமேல் இருக்கிறவரின் மதிப்பைத் தாண்டாது. பொது அதிகாரம் கேட்கிறவர்கள், அந்த அதிகாரம் தங்களைத் தனித்து நிற்கவைக்கும் என்று நம்புகிறார்கள். அது நடக்காது.

ஹாங்காங்கிடம் இருந்து தீவுகள் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த மாதிரி உரை யோசனையைத்தான். தனித்தனிக் கடிதத்தின் சலிப்புக்கும் பொதுக் கடிதத்தின் ஆபத்துக்கும் நடுவே அது ஒரு வழியைக் காட்டுகிறது. இதற்குக் கரீபியனிலேயே முன்மாதிரியும் உண்டு. வரித் தகவல் பரிமாற்ற ஒப்பந்தங்களுக்கு பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு 2002-ல் மாதிரி உரை தந்தது. லண்டன் அந்த வகைக்கு அதிகாரக் கடிதம் தந்தது. 2009-ல் லண்டனில் ஜி20 கூடி மிரட்டியபோது, குறைந்தது 12 ஒப்பந்தம் வைத்திருந்தால்தான் ஒத்துழைப்போரின் வெள்ளைப் பட்டியலில் இடம் என்றார்கள். தீவுகள் பறந்து பறந்து கையெழுத்திட்டன. கேமன் தீவுகள் 2009 ஏப்ரலில் நார்டிக் நாடுகளோடு ஒரே மூச்சில் ஏழு ஒப்பந்தம் போட்டன. ஏழில் இரண்டு ஃபேரோவும் கிரீன்லாந்தும்! லண்டன் கடிதத்தோடு வந்த சார்பு ஆட்சிப்பகுதி, கோபன்ஹேகன் சட்டத்தோடு வந்த சார்பு ஆட்சிப்பகுதியோடு ஒப்பந்தம் செய்து இரண்டும் எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டன. கேலிக்குரிய காட்சிதான். ஆனால் அந்த இயந்திரம் ஓடியது. 2010, 2011-ல் இந்தியாவும் பெர்முடா, வர்ஜின் தீவுகள், கேமன் தீவுகளோடு இதே வகை ஒப்பந்தங்களைச் செய்தது அந்த ஓட்டத்தில்தான்.

ஆகவே அமைச்சரவைக்கு என் குறிப்பு இது. நாடுகடத்தலுக்கு அதிகாரம் கேட்க வேண்டாம். நீட்டிப்பு போதும், ஆனால் எந்தெந்த உடன்படிக்கை எந்த ஆண்டுக்குள் நீட்டிக்கப்படும் என்று லண்டனிடம் எழுத்தில் கேளுங்கள். சாட்சிய உதவிக்கும் கைதிகள் மாற்றத்துக்கும் வகைவாரியாக ஓர் அதிகாரக் கடிதம் கேளுங்கள், கூடவே மாதிரி உரையையும் நீங்களே எழுதி நீட்டுங்கள். உரையில் இருந்து விலகினால் மட்டும் லண்டன் பார்க்கும். விலகாவிட்டால் தகவல் சொன்னால் போதும். இப்படிக் கேட்டால் மறுக்க லண்டனுக்குக் காரணம் தேட வேண்டியிருக்கும்.

இந்த இரண்டில் கைதிகள் மாற்றத்துக்கே நான் அழுத்தம் கொடுப்பேன். சாட்சிய உதவியில் பெரும்பாலும் பெரிய நாடுகளே லாபம் அடைகின்றன. தீவு வேலைசெய்யும், வழக்கு அங்கே நடக்கும். கைதிகள் மாற்றம் தீவுக்கே நேரடி லாபம். குட்டித் தீவின் சிறையில் வெளிநாட்டுக் கைதி ஒருவர் என்றால் மொழி, உறவினர் வருகை, மருத்துவம் எல்லாமே செலவு. அவருக்கும் அம்மாவின் குரலைத் தொலைபேசியில் கேட்பதோடு பல ஆண்டு தனிமை. இதற்கு ஓர் ஒப்பந்தம் போட லண்டனில் ஒருவர் நேரம் ஒதுக்குவார் என்று காத்திருந்தால் தண்டனைக்காலமே முடிந்துவிடும்.

எதிர்வாதம் ஒன்று இருக்கிறது, அதை மழுப்ப முடியாது. ஆள் எங்கே? ஒப்பந்தம் இருபது போடலாம். வரும் கோரிக்கைகளுக்குப் பதில் எழுத அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தில் எத்தனை வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள்? 2016-ல் நிறுவனங்களின் உண்மையான உரிமையாளர் விவரத்தை பிரிட்டிஷ் புலனாய்வாளர் கேட்டால் 24 மணி நேரத்துக்குள், அவசரமானால் ஒரு மணி நேரத்துக்குள் தருவதாகத் தீவுகள் பிரிட்டனோடு கடிதம் மாற்றிக்கொண்டன. ஒரு மணி நேரம்! அதற்கென்று தனி மென்பொருளும் ஆட்களும் இல்லாமல் அது நடவாது. புது ஒப்பந்தம் ஒவ்வொன்றிலும் இப்படி ஒரு கடமை ஒளிந்திருக்கும். நிறைவேற்றத் தவறினால் கெட்டபெயர் ஒப்பந்தம் இல்லாத காலத்தைவிட அதிகம். எனவே அதிகாரக் கடிதத்துக்கு விண்ணப்பிக்கும் கோப்பிலேயே மைய அதிகாரி யார், அவருக்குக் கீழே எத்தனை பேர், பட்ஜெட் எவ்வளவு என்று எழுதியாக வேண்டும். எழுத முடியாவிட்டால் கேட்கவே வேண்டாம்.

லண்டன் பக்கம் இருந்தும் ஒரு பாதுகாப்பு தேவை. கேமன் தீவுகளின் 2009 அரசியலமைப்பில் ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது: தீவின் உள்நாட்டுக் கொள்கையைப் பாதிக்கும் அல்லது தீவில் சட்டம் இயற்ற வேண்டிவரும் பன்னாட்டு ஒப்பந்தத்துக்கு, அமைச்சரவையின் சம்மதம் இல்லாமல் ஆளுநர் இறுதி ஒப்புதல் தரக் கூடாது; லண்டன் அமைச்சர் வேறுவிதமாக உத்தரவிட்டால் தவிர. அந்தக் கடைசி ‘தவிர’ கசக்கத்தான் செய்யும். ஆனாலும் இது இல்லாத தீவுகள் அதிகாரக் கடிதத்துக்கு முன்பே இதைக் கேட்டு வாங்குவது நல்லது.

கடிதம் கிடைத்த பிறகு முதலில் யாரிடம் போவது? பல தீவுகளின் ஆசை பெரிய பெயர்களில் இருக்கும்: ஐரோப்பிய நாடு ஒன்று, அல்லது இந்தியா, சீனா. நான் அருகில் பார்க்கச் சொல்வேன். அமெரிக்காவோடு ஏற்பாடு ஏற்கெனவே உண்டு. ஜமைக்கா, பார்படோஸ் போன்றவற்றோடு ஹராரே திட்டமே சமாளித்துவிடும். ஓட்டை எங்கே என்றால், வேறு சட்ட மரபில், ஸ்பானிஷ் பேசும் அண்டை நாடுகளில்தான். கேமன் தீவுகளுக்கு ஹோண்டுராஸ், பனாமா, கொலம்பியா. டர்க்ஸ் அண்ட் கைகோஸுக்கு டொமினிக்கன் குடியரசு. படகும் பணமும் வந்துபோகும் திசை அது. மாதிரி உரையின் ஸ்பானிஷ் மொழிபெயர்ப்பை இப்போதே தயார்செய்து வைக்கலாம். அதற்கு யாருடைய அதிகாரக் கடிதமும் தேவையில்லை.